ஐ லவ் யூவும் ஸ்லாமரும்: அப்டேட் எப்போது வந்தது, எப்போது சேர்ந்தது

புது வைரஸ் ஒன்று கிளம்பினால் அதற்கான அப்டேட்டை யார் முதலில் வெளியிடுகிறார்கள் என்ற போட்டி, 2000-களின் முதல் பாதியில் ஆன்டிவைரஸ் உலகில் மும்முரமாக நடந்தது. ஜெர்மனியின் மாக்டெபர்க் நகரிலுள்ள ஏவி-டெஸ்ட் ஆய்வகத்தின் ஆந்த்ரேயாஸ் மார்க்ஸ் 2004-இல் அதை முறையாக அளந்தே பார்த்தார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பரவிய மைடூம், பேகிள் போன்ற புழுக்களை எடுத்துக்கொண்டு, எந்த நிறுவனத்தின் அப்டேட் எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று கணக்கெடுத்தார். சில நிறுவனங்கள் பத்து மணி நேரத்துக்குள் வேலையை முடித்திருந்தன. சந்தையில் பெரிய பங்கு வைத்திருந்த சிலவற்றுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது.

இப்படியொரு பட்டியல் கையில் கிடைத்தால் வேகமானதை வாங்கு, மெதுவானதை விடு என்று சொல்லிவிட்டுப் போகத் தோன்றும். நான் அப்படிச் சொல்லத் தயங்குகிறேன். தயக்கத்தின் காரணம் விளங்க, இரண்டு புழுக்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்: 2000 மே மாதத்து ஐ லவ் யூ, 2003 ஜனவரி மாதத்து ஸ்லாமர். இரண்டுக்கும் நடுவே மூன்றாண்டுகூட இல்லை. முதலாவதில் அப்டேட் எப்போது வருகிறது என்பது பல அலுவலகங்களின் அன்றைய கதியைத் தீர்மானித்தது. இரண்டாவதில் உலகத்தின் எல்லா ஆன்டிவைரஸ் நிறுவனங்களும் ஒரே நிமிடத்தில் அப்டேட் வெளியிட்டிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது.

2000 மே 4, வியாழக்கிழமை. மணிலாவில் கிளம்பிய அந்த மின்னஞ்சலின் தலைப்பே ‘ஐ லவ் யூ’. இணைத்திருக்கும் காதல் கடிதத்தைப் பாருங்கள் என்று உள்ளே ஒரே ஒரு வரி. இணைப்பின் பெயர் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் போல முடிந்தது. அதற்குப் பின்னாலும் ‘விபிஎஸ்’ என்றொரு வால் இருந்தது. அது விஷுவல் பேசிக் ஸ்கிரிப்ட், அதாவது ஓடக்கூடிய நிரல். விண்டோஸ் அந்தக் கடைசி வாலைக் காட்டாமல் மறைத்துவிடும் என்பதால் பெரும்பாலோர் கண்ணுக்கு அது கடிதமாகவே பட்டது. திறந்த மறுகணம் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னைத்தானே அனுப்பியது. கணினியில் இருந்த ஜேபெக் படங்களின் மேல் தன் நகலை எழுதி அழித்தது. எம்பி3 பாட்டுகளை மட்டும் அழிக்காமல் ஒளித்துவைத்தது; எழுதிய பையனுக்குப் பாட்டு பிடிக்கும் போலிருக்கிறது.

இந்தப் புழு நகர ஒரு மனிதர் தேவை. யாராவது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, அஞ்சலைப் பார்த்து, ஆசையிலோ குழப்பத்திலோ அதைத் திறக்க வேண்டும். ஆகவே அது அலுவலக நேரத்தோடு சேர்ந்தே உலகைச் சுற்றியது. முதலில் மணிலாவும் ஹாங்காங்கும், பிறகு ஐரோப்பாவின் காலை, அதன் பிறகு அமெரிக்காவின் காலை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் மின்னஞ்சல் அமைப்பையே நிறுத்திவைத்தது. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனமும் அதையே செய்தது.

கிழக்கில் தொடங்கி மேற்கே போகும் ஒன்றுக்கு, மேற்கில் இருப்பவர்களுக்குச் சில மணி நேரம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். தெரிந்தும் இருந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் அதே மாதத்தில் இதை விசாரித்துச் சாட்சியம் அளித்தது. எஃப்பிஐயின் கீழ் இயங்கிய தேசிய உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையத்துக்குத் தொழில்துறையிலிருந்து முதல் தகவல் வந்தது கிழக்கு அமெரிக்க நேரப்படி காலை 5:45-க்கு. அந்த மையம் இந்த வைரஸைப் பற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது 11 மணிக்கு. அதற்குள் பல அரசுத் துறைகளில் அலுவலர்கள் வந்து, கணினியைத் திறந்து, கடிதத்தையும் திறந்துவிட்டிருந்தார்கள். இந்த ஐந்தேகால் மணி நேரம் எந்த ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் கணக்கிலும் வராது. ஆனால் அன்றைய சேதத்தில் அதற்குப் பெரிய பங்குண்டு.

நிறுவனங்களின் பக்கம் பார்த்தால் வேலை வியக்கத்தக்க அளவு சுலபமாக இருந்தது. வழக்கமாக ஒரு வைரஸின் மாதிரி ஆய்வகத்துக்கு வந்தால், இயந்திர மொழியிலிருந்து அதைப் பிரித்துப் படித்து என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும். இது ஸ்கிரிப்ட். நோட்பேடில் திறந்தாலே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிடலாம். முக்கியமான நிறுவனங்கள் எல்லாமே அன்றைக்கே அப்டேட்டை வெளியிட்டுவிட்டன. மார்க்ஸ் பின்னாளில் வைத்த அளவுகோலை அன்று வைத்திருந்தால் பலருக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கும்.

வெளியிட்டதற்கும் போய்ச் சேர்ந்ததற்கும் நடுவே கிடந்த தூரம்தான் சிக்கல். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அந்த நிறுவனங்களின் தளங்களை முற்றுகையிட்டதால் பதிவிறக்கம் தவழ்ந்தது. எச்சரிக்கையை அனுப்ப எல்லோரும் நம்பியிருந்த வழி மின்னஞ்சல். பல இடங்களில் நிறுத்தப்பட்டிருந்ததும் அதே மின்னஞ்சல்தான். அப்போதெல்லாம் கையொப்பத் தொகுப்பு, அதாவது எந்தெந்த வைரஸை எப்படி அடையாளம் காண்பது என்ற பட்டியல், வாரத்துக்கு ஒருமுறை வருவதே நடைமுறை. அதைக்கூட பலர் மாதக்கணக்கில் எடுப்பதில்லை. நம்மூர் பிரவுசிங் சென்டர்களை நினைத்துப் பாருங்கள்: ஒரு டயல்-அப் இணைப்பை எல்லா மெஷின்களுக்கும் பங்கிட்டு, மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று ஓட்டிக்கொண்டிருந்த கடையில், வாடிக்கையாளரை நிறுத்திவைத்துவிட்டு அப்டேட் இறக்க எந்தக் கடைக்காரருக்கு மனம் வரும்? யாராவது சிடியில் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு.

இன்னொரு தொல்லை, நிரலைப் படிப்பது சுலபம் என்ற அதே குணத்திலிருந்து வந்தது. ஆய்வாளர் படிக்கலாம் என்றால் விஷமம் செய்பவனும் படிக்கலாம், இரண்டு வரியை மாற்றலாம், மறுபடி அனுப்பலாம். சில நாட்களுக்குள் டஜன் கணக்கில் மறுபதிப்புகள் வந்தன. ஒன்று, அன்னையர் தினத்துக்கு நீங்கள் வாங்கிய பரிசின் ரசீது என்றது. இன்னொன்று, ஆன்டிவைரஸ் நிறுவனமே அனுப்பிய வைரஸ் எச்சரிக்கை என்று வேஷம் கட்டியது. முதல் புழுவின் வரிகளை அப்படியே அடையாளமாக வைத்துக்கொண்டு அவசரமாக வெளியான கையொப்பங்கள், வரி மாறிய மறுபதிப்பைக் கோட்டைவிட்டன. சற்று நிதானித்து, இந்த வகை ஸ்கிரிப்ட் என்ன காரியம் செய்ய முயல்கிறது என்பதை அடையாளமாக வைத்தவை பின்னால் வந்தவற்றையும் பிடித்தன. முதலில் வெளியிட்டவர் யார் என்று மட்டும் பார்க்கும் அட்டவணையில் இந்த வேறுபாடு தெரியாது.

(பிலிப்பைன்ஸில் சட்டத்துக்கும் ஓர் அப்டேட் தேவைப்பட்டது. சந்தேகிக்கப்பட்ட மாணவரைக் கண்டுபிடித்தும், கணினி வைரஸ் எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அதைக் குற்றமாக்கிய மின்வணிகச் சட்டம் அடுத்த மாதமே, ஜூனில் வந்தது. முன்தேதியிட்டுச் செல்லாது.)

இனி ஸ்லாமர். 2003 ஜனவரி 25, சனிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 11 மணியளவில் தொடங்கியது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற தரவுத்தள மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை வழியாக அது நுழைந்தது. அஞ்சல் இல்லை, இணைப்பு இல்லை, யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. புழுவின் மொத்த அளவு 376 பைட். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தி அதைவிடப் பல மடங்கு பெரியது. ஒரே ஒரு யுடிபி பொட்டலமாக 1434-ஆம் போர்ட்டுக்குப் போகும்; அந்த முனையில் ஓட்டையுள்ள சர்வர் இருந்தால் அதன் நினைவகத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து கண்மண் தெரியாமல் முகவரிகளைத் தயாரித்து அடுத்த பொட்டலங்களை வீசத் தொடங்கும்.

பதில் வருகிறதா என்று காத்திராத இந்த வீச்சுதான் அதன் வேகத்தின் ரகசியம். 2001-இல் பரவிய கோட் ரெட் புழு, ஒவ்வொரு கணினியோடும் முறைப்படி இணைப்பு ஏற்படுத்திப் பதிலுக்குக் காத்திருந்து பரவியது. பாதிக்கப்பட்ட கணினிகளின் எண்ணிக்கை இரட்டிக்க அதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டது. ஸ்லாமருக்குத் தொடக்கத்தில் அதே இரட்டிப்புக்கு 8.5 நொடி போதுமாக இருந்தது. மூன்று நிமிடத்தில் உலகம் முழுவதும் சேர்த்து நொடிக்கு 5.5 கோடி பொட்டலங்களை அது வீசிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள், உலகில் அந்த ஓட்டையோடு திறந்துகிடந்த சர்வர்களில் 90 சதவீதத்துக்கு மேல் அதன் கையில். குறைந்தது 75,000. பின்னர் இதை அலசிய ஆய்வாளர் குழு கண்ட கணக்கு இது. அதில் ஒரு வேடிக்கையையும் அவர்கள் கண்டார்கள்: முகவரி தயாரிக்கும் பகுதியில் புழு எழுதியவர் பிழை விட்டிருந்தார். சரியாக எழுதியிருந்தால் இன்னும் எத்தனை விரைவோ.

தென் கொரியாவில் இணையம் பல மணி நேரம் கிட்டத்தட்ட நின்றேபோனது. பாங்க் ஆஃப் அமெரிக்காவின் 13,000 ஏடிஎம்களில் பெரும்பாலானவை சில மணி நேரம் பணம் தரவில்லை. சியாட்டிலுக்கு அருகே அவசர அழைப்பு மையம் ஒன்று கையால் குறித்துக்கொண்டு வேலை பார்த்தது. ஒஹையோவின் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில், பாதுகாப்பு அளவுகளைத் திரையில் காட்டும் அமைப்பு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் செயலிழந்தது. உலை ஏற்கெனவே வேறு காரணத்துக்காக நிறுத்தப்பட்டிருந்தது நல்வாய்ப்பு. நிலையத்துக்கு ஃபயர்வால் இருந்தது. ஒப்பந்ததாரர் ஒருவருடைய இணைப்பு அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வந்திருந்தது.

இங்கே ஆன்டிவைரஸ் அப்டேட்டை வைத்து என்ன செய்ய முடியும்? பத்து நிமிடத்தில் வெளியிட்டாலும் பிந்திவிட்டது என்பது ஒரு பக்கம். அதைவிட அடிப்படையான தடை ஒன்றிருந்தது: ஸ்லாமர் வட்டில் ஒரு ஃபைலைக்கூட எழுதவில்லை. நினைவகத்திலேயே பிறந்து நினைவகத்திலேயே ஓடியது. ஃபைல்களைத் திறந்து பார்த்து அடையாளம் தேடுவதே அன்றைய ஆன்டிவைரஸின் தொழில். தேட ஃபைலே இல்லை. சர்வரை அணைத்து மறுபடி போட்டால் புழு போய்விடும்; இணைப்பைச் செருகிய சில நிமிடங்களில் மறுபடி வந்துவிடும். அன்று பயன்பட்ட ஒரே அறிவுரை, 1434-ஆம் போர்ட்டை ரவுட்டரில் அடையுங்கள் என்பது. அதைச் செய்தவர்கள் இணையச் சேவை நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் வார இறுதியில் எழுப்பப்பட்டு ஓடிவந்த நெட்வொர்க் ஆட்கள். ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் அன்று வெளியிட்டவை பெரும்பாலும் விளக்கக் குறிப்புகளும் சோதித்துப் பார்க்கும் சிறு கருவிகளும்தான்.

ஸ்லாமருக்கு மருந்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மருந்து ஆறு மாதம் முன்பே வந்திருந்தது. அந்த ஓட்டையை டேவிட் லிட்ச்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொல்லி, எம்எஸ்02-039 என்ற எண்ணில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது 2002 ஜூலை 24-இல். வெளியீட்டு வேகத்தை மட்டும் அளந்தால் இதற்கு நூற்றுக்கு இருநூறு கொடுக்கலாம்: புழு பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பே தீர்வு கையில். ஆனாலும் 75,000 சர்வர்கள் திறந்துகிடந்தன. மைக்ரோசாஃப்டின் சொந்த வலையமைப்பிலேயே சில திறந்துகிடந்து அடிவாங்கின.

ஏன் போடவில்லை என்று நிர்வாகிகளை மட்டும் திட்டுவது எளிது. முழு நியாயம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தள சர்வரில் கைவைக்க யாருக்கும் பயம். முந்தைய பேட்ச் ஒன்று எதையாவது கெடுத்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. இந்தப் பேட்சை நிறுவுவதும் அன்று ஃபைல்களைக் கையால் மாற்றும் வேலையாக இருந்தது. இன்னொரு பக்கம், தங்களிடம் எஸ்க்யூஎல் சர்வர் இருக்கிறது என்பதே தெரியாதவர்கள். அதன் சிறிய வடிவம் எம்எஸ்டிஇ என்ற பெயரில் வேறு பல மென்பொருட்களுக்குள் ஒளிந்துகொண்டு வந்தது. கணக்கு எழுதும் மென்பொருளை நிறுவினால் கூடவே ஒரு தரவுத்தள சர்வரும் குடியேறியிருக்கும். இல்லாததாக நினைக்கும் ஒன்றுக்கு யார் பேட்ச் போடுவார்கள்?

ஆக, ஐ லவ் யூ விஷயத்தில் மணிகள் கழிந்தது மூன்று இடங்களில்: எச்சரிக்கை கிளம்புவதில், அப்டேட் இறங்குவதில், மறுபதிப்புகளுக்கு மறுபடி கையொப்பம் எழுதுவதில். கையொப்பத்தை எழுதிய நேரம் இவற்றோடு ஒப்பிட்டால் சொற்பம். ஸ்லாமரில் நேரம் முழுவதும் புழு பிறப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் கழிந்துவிட்டது. பிறந்த பிறகு கழிக்க நேரமே இல்லை. இரண்டிலுமே, வைரஸ் தோன்றிய மணிக்கும் நிறுவனம் அப்டேட் வெளியிட்ட மணிக்கும் இடைப்பட்ட அளவு மட்டும் நடந்ததைச் சொல்லாது. முதலாவதில் அது ஒரு துண்டு. இரண்டாவதில் அதற்குப் பொருளே இல்லை.

மார்க்ஸின் அளவீட்டைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் எடுத்துக்கொண்ட மைடூமும் பேகிளும் ஐ லவ் யூவின் வழிவந்தவை. மனிதர் திறந்தால் பரவும் அஞ்சல் புழுக்கள். அவற்றுக்கு மணிக்கணக்கு பொருந்தும். அந்த அழுத்தத்தால் நன்மையும் விளைந்தது. வாரம் ஒருமுறை அப்டேட் என்பது நாளுக்கு ஒருமுறையாகி, சிலரிடம் மணிக்கு ஒருமுறையாகவும் ஆனது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் வேறு வழியில் போனது: ஆன்டிவைரஸை ஒரு தேதியில் அப்டேட் இல்லாமல் உறையவைத்து, அதற்குப் பிறகு தோன்றிய வைரஸ்களை அதன்முன் விட்டு, அடையாளம் தெரியாமலேயே எத்தனையைப் பிடிக்கிறது என்று பார்த்தது. என் பார்வையில் இரண்டில் இதுவே கூடுதல் பயனுள்ள சோதனை. அப்டேட் வந்துசேரும் வரை உள்ள இடைவெளியில் நாம் எப்படி இருப்போம் என்பதை அது காட்டுகிறது. ஆனால் இதுவும் ஃபைல்களை வைத்து நடக்கும் சோதனைதான். ஸ்லாமர் போன்ற ஒன்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

மார்க்ஸ் அளந்த அதே 2004-இன் மார்ச்சில் விட்டி என்றொரு புழு வந்தது. பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலை விற்ற ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருட்களில் இருந்த ஓட்டை வெளியாகிச் சுமார் ஒன்றரை நாளுக்குள் அது கிளம்பி, 45 நிமிடத்தில் ஏறக்குறைய 12,000 கணினிகளைப் பிடித்து, வட்டுகளில் கண்ட இடத்தில் எழுதிக் கெடுத்தது. காவலுக்கு வைத்த மென்பொருளே வாசலாகிப்போனது. அந்தப் பன்னிரண்டாயிரம் பேரும் பாதுகாப்பில் அக்கறை காட்டிப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் என்பதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இன்று ஏவி-டெஸ்ட் ஒவ்வொரு நாளும் 4,50,000-க்கும் மேற்பட்ட புதிய தீய நிரல்களைப் பதிவு செய்வதாகச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மனிதர் உட்கார்ந்து கையொப்பம் எழுதும் காலம் போய்விட்டது. சந்தேகமான ஃபைலின் அடையாளத்தை நிறுவனத்தின் சர்வரிடம் அந்தக் கணமே கேட்டுப் பதில் பெறுவது, நிரலின் நடத்தையைக் கவனிப்பது என்று வேலை மாறிவிட்டது. வேகப் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதி தீர்ந்தது. மீதிப் பாதி தலைகீழாகத் திரும்பிவந்தது.

அப்டேட் வெளியிடும் முன் ஒரு சோதனை உண்டு. புதிய அடையாளத்தை லட்சக்கணக்கான நல்ல ஃபைல்கள் மீது ஓட்டிப் பார்த்து, எதையாவது தவறாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அவசரப்பட்டால் முதலில் சுருங்குவது இந்தச் சோதனைதான். 2010 ஏப்ரல் 21-இல் ஆன்டிவைரஸ் நிறுவனமான மெக்காஃபி வெளியிட்ட 5958 எண்ணுள்ள கையொப்பத் தொகுப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக்கில் உள்ள எஸ்விசிஹோஸ்ட் என்ற முக்கியமான ஃபைலை வைரஸ் என்று பிடித்தது. கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன, வலையமைப்பை இழந்தன. நிறுவனம் சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றது.

2024 ஜூலை 19-இல் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய 291-ஆம் எண் உள்ளடக்க ஃபைல் இதன் பெரிய வடிவம். இந்திய நேரப்படி காலை 9:39-க்கு வெளியானது. பிழை தெரிந்து 10:57-க்கு சரியான ஃபைல் வெளியானது. 78 நிமிடம். 2004-இன் அளவுகோலில் இதற்குமேல் ஒரு வேகத்தைக் கேட்கவே முடியாது. அந்த 78 நிமிடத்துக்குள், மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றுவிட்டன. கெட்ட அப்டேட்டும் ஸ்லாமரைப் போலவே யாரையும் எதையும் திறக்கச் சொல்லாமல், ஓடிக்கொண்டிருந்த கணினிகளுக்கு நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. நல்ல அப்டேட்டால் சேர முடியவில்லை. நீலத் திரையில் நின்ற கணினி எதையும் பதிவிறக்காது. மீண்டும் மீண்டும் அணைத்துப் போட்டதில் சில தாமாகத் தேறின. மற்றவற்றுக்கு ஆள்தான் போக வேண்டியிருந்தது: ஒவ்வொரு மெஷினாக சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலைத் தேடி அழித்து, மறுபடி போட வேண்டும். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்த மெஷின் என்றால் முதலில் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேட வேண்டும். சில நிறுவனங்களில் அந்த எண்களைச் சேமித்துவைத்திருந்த சர்வரும் நீலத் திரையில்தான் நின்றுகொண்டிருந்தது.